வெள்ளணு ஏற்றலா, காத்திருப்பா: மருந்துக்கு அடங்காத தொற்றில் எதைத் தேர்வது?

கீமோதெரபி முடிந்து பத்து நாள். கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 100-க்கும் கீழே. ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளர்ந்தாயிற்று, அதற்கேற்ற மருந்தும் மூன்று நாளாக ஏறிக்கொண்டிருக்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. இந்தக் கட்டத்தில் குடும்பத்தினரோ இளம் மருத்துவரோ கேட்பார்கள்: சிவப்பணு குறைந்தால் சிவப்பணு ஏற்றுகிறோம், தட்டணு குறைந்தால் தட்டணு ஏற்றுகிறோம், வெள்ளணுவையும் ஏற்றிவிட்டால் என்ன?

ஏற்றலாம். கிரானுலோசைட் (நியூட்ரோஃபில் உள்ளிட்ட வெள்ளணு வகை) ஏற்றல் என்ற பெயரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஆனால் சிவப்பணு, தட்டணு போல இது ஒரு பையை வரவழைத்துத் தொங்கவிட்டு முடிக்கிற வேலை கிடையாது. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நோயாளியின் எடைக்கேற்ற முழு அளவை, குறைந்தது ஐந்து நாளாவது விடாமல் தர வழியிருந்தால் தொடங்குங்கள். இல்லாவிட்டால் தொடங்காதீர்கள். அரைகுறை ஏற்றலுக்கும் பக்கவிளைவு உண்டு, கொடையாளருக்குச் சிரமம் உண்டு, பலன்தான் சந்தேகம்.

ஏற்றலைப் பற்றிப் பேசுமுன்

வெள்ளணு ஏற்றலை நாடும் பல இடங்களில் அதற்கு முந்தைய படிகளே முடிந்திருக்காது. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும்போது வாயில் பார்த்த வெப்பநிலை ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, ஒரு மணி நேரம் 38-க்குக் குறையாமல் நின்றாலோ, ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும். அது நடந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் காய்ச்சல் நீடித்தால் முதலில் பார்க்க வேண்டியது நெஞ்சு வழியே பெரிய நாளத்துக்குள் போட்டிருக்கும் குழாயான சென்ட்ரல் லைன். கேண்டிடா என்ற பூஞ்சையோ ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவோ ரத்தத்தில் இருக்கும்போது அந்த லைனை எடுக்காமல் எத்தனை கோடி வெள்ளணு ஏற்றினாலும் பிளாஸ்டிக் மேல் ஒட்டியிருக்கும் கிருமி ரத்தத்துக்குள் வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். நான்கைந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சலில் நுரையீரலிலோ சைனஸிலோ பூஞ்சை ஒளிந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தாமதமாகத்தான் தெரியும். சைனஸில் மியூகர் பூஞ்சை என்றால் வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைதான் முதல் மருந்து. நோயாளிக்கு ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் அதைக் குறைக்க முடியுமா என்பதும் இதே பட்டியலில் வரும்.

பிறகு ஜி.சி.எஸ்.எஃப். ஊசி. நோயாளியின் சொந்த மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபிலை விரைவில் வெளியேற்றும் மருந்து இது. வழக்கமான அளவு தினமும் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இதைப் போடச் சொல்லி வழிகாட்டிகள் கூறுவதில்லை. எண்ணிக்கை 100-க்குக் கீழே, செப்சிஸ், நிமோனியா, உள்ளுறுப்புப் பூஞ்சை, 65 வயதுக்கு மேல் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு யோசிக்கச் சொல்கின்றன. மஜ்ஜையில் வேர்செல்கள் மிச்சம் இருந்தால் இந்த ஊசி வேலை செய்யும். மஜ்ஜையே வற்றிப்போகும் கடுமையான அப்ளாஸ்டிக் அனீமியாவிலோ மாற்று மஜ்ஜை ஏற்றிய முதல் வாரத்திலோ தூண்டுவதற்கே ஆள் இல்லை என்பதால் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. எண்ணிக்கை திடீரென ஏறும்போது நுரையீரல் தொற்று சில நாள் மோசமாவதுபோல் தோன்றுவதும் உண்டு. வந்து சேரும் நியூட்ரோஃபில்கள் அங்கே குவிவதால் வரும் வீக்கம் அது.

இவ்வளவும் செய்தாகிவிட்டது, கிருமியும் உறுதி, மருந்தும் சரியான மருந்து, 48 மணி நேரமாகியும் நோயாளி சரிந்துகொண்டே போகிறார், ஆனால் மஜ்ஜை இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் எழும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்றால், இப்போது வெள்ளணு ஏற்றலைப் பற்றிப் பேசலாம். கடைசியாகச் சொன்ன நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. ஏற்றிய நியூட்ரோஃபில் ரத்த ஓட்டத்தில் தங்குவது சில மணி நேரம்தான். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பாதி காணாமல் போகும். மஜ்ஜை எழாது என்று தெரிந்த நோயாளிக்கு, மாற்று மஜ்ஜைக்கான தேதியும் குறிக்கப்படாத நிலையில், இந்த ஏற்றலுக்கு முடிவே கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. தொற்று வந்தால் இது பல மடங்காகும். நாம் ஒரு பையில் தருவது இதில் எவ்வளவு?

கொடையாளருக்கு எந்த மருந்தும் தராமல், ரத்தத்திலிருந்து வேண்டிய செல்லை மட்டும் பிரிக்கும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் எடுத்தால் 1,000 கோடியைத் தொடுவதே பெரும்பாடு. முந்தைய இரவு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் தந்தால் 1,000 முதல் 2,000 கோடி. டெக்ஸாமெத்தசோனோடு ஜி.சி.எஸ்.எஃப். ஊசியும் சேர்ந்தால் 4,000 முதல் 8,000 கோடி. ஸ்டீராய்டு, நாளங்களின் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை உதிர்த்து ஓட்டத்தில் விடுகிறது, ஜி.சி.எஸ்.எஃப். மஜ்ஜைக் கிடங்கையே திறந்துவிடுகிறது. வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

இனி நோயாளியின் எடை. கிலோவுக்கு 60 கோடி என்பதை இன்று பலரும் குறைந்தபட்ச இலக்காகக் கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 3,600 கோடி வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து எடுத்த பையில் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். அதே பை 15 கிலோ குழந்தைக்கு என்றால் தேவையே 900 கோடிதான், தாராளமாகப் போதும். குழந்தைகளிடம் இந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அதில் பெரும்பகுதி இந்த வகுத்தல் கணக்குதான் என்பது எங்கள் எண்ணம்.

1960-களில் தொடங்கிய கதையிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரிக், ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனோடு சேர்ந்து ரத்தத்திலிருந்து செல்களைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. அந்தக் காலத்தில் சாதாரணக் கொடையாளரிடம் போதிய வெள்ளணு கிடைக்காததால், எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருக்கும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடமிருந்தே எடுத்து ஏற்றினார்கள். இன்று கேட்டால் தூக்கிவாரிப்போடும், ஆனால் பலன் தெரிந்தது. காரணம், அளவு அதிகம். பிறகு சாதாரணக் கொடையாளருக்கு மாறியபோது அளவு குறைந்தது, பலனும் மங்கியது, இடையில் நல்ல ஆன்டிபயாடிக்குகளும் வந்துசேர, 1980-களில் இந்தச் சிகிச்சை ஏறக்குறைய கைவிடப்பட்டது. 1990-களில் ஜி.சி.எஸ்.எஃப். வந்தபின்தான் மீண்டும் உயிர்பெற்றது.

ரிங் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

இந்தக் கேள்விக்குச் சீட்டுக்குலுக்கல் முறையில் விடை தேடிய முக்கியமான ஆய்வு ரிங். முடிவு 2015-இல் வெளிவந்தது. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்து, உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான தொற்று உள்ள 114 பேர் சேர்ந்தார்கள். 236 பேரைச் சேர்க்கத்தான் திட்டம், ஆள் கிடைக்கவில்லை. 42 நாள் உயிரோடிருந்து தொற்றும் அடங்குவதை வெற்றி என்று வைத்தார்கள். வெள்ளணு ஏற்றியவர்களில் 42 சதவீதம், வெறும் மருந்து மட்டும் பெற்றவர்களில் 43 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை.

ஏற்றலை ஆதரிப்பவர்கள் உடனே அடுத்த வரியைக் காட்டுவார்கள்: கிலோவுக்கு 60 கோடியோ அதற்கு மேலோ பெற்றவர்களில் வெற்றி 59 சதவீதம், குறைவாகப் பெற்றவர்களில் 15 சதவீதம். மேலே சொன்ன இலக்கு இங்கிருந்து வந்ததுதான். இதை வாசிக்கும்போது நிதானம் வேண்டும். இது பின்னர் பிரித்துப் பார்த்த கணக்கு, சிறிய கூட்டம். ஒப்பிட வேண்டியது 59-ஐயும் 15-ஐயும் மட்டும் இல்லை. ஏற்றாமலே இருந்தவர்களின் 43-ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போது இரண்டு விஷயம் தெரியும். முழு அளவு தந்தாலும் கிடைக்கும் கூடுதல் லாபம் நிரூபிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. குறைந்த அளவு தந்தவர்கள் ஏற்றாதவர்களைவிட மோசமாக இருந்திருக்கிறார்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் "கிடைத்ததை ஏற்றுவோம், கெடுதல் ஒன்றுமில்லையே" என்ற வழக்கமான சமாதானத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பாய்வும் சிகிச்சையாகத் தரும் ஏற்றலுக்கு ஆதாரம் போதாது என்றே முடித்தது.

தொற்று வருமுன்னே தடுப்பாக ஏற்றுவது இன்னொரு வழி. நாளுக்கு 1,000 கோடிக்கு மேல் தந்தால் ரத்தத்தில் கிருமி பரவுவது குறையக்கூடும் என்று 2015-இன் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. இறப்பு குறைந்ததாகக் காட்டவில்லை. வழக்கமாகச் செய்வதற்கு இது போதாது. ஒரேயொரு விதிவிலக்கு: முந்தைய சுற்றில் கடும் பூஞ்சைத் தொற்றிலிருந்து தப்பியவர், மாற்று மஜ்ஜைக்காக மறுபடி எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகப்போகிறார் என்றால், அந்த இடைவெளியைக் கடக்க ஏற்றலை முன்கூட்டியே திட்டமிடும் மையங்கள் உண்டு.

ஒருவரிடமிருந்து எடுத்த பையா, பலரிடமிருந்து சேர்த்த பையா

தேர்வு பெரும்பாலும் அந்த ஊர் ரத்த வங்கியால் எது முடியும் என்பதில்தான் முடிகிறது. ஆனாலும் இரண்டின் குணத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அஃபெரிசிஸ் பை ஒரே கொடையாளரிடமிருந்து வருவது. அளவு 200 முதல் 400 மில்லிலிட்டர். இயந்திரம் மூன்று மணி நேரத்தில் கொடையாளரின் ஏழு முதல் பத்து லிட்டர் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கிறது. நியூட்ரோஃபிலும் சிவப்பணுவும் அடர்த்தியில் மிக நெருக்கமானவை, வெறும் சுழற்சியில் நன்றாகப் பிரியாது. எனவே ஹைட்ராக்ஸி எத்தில் ஸ்டார்ச் என்ற திரவத்தைச் சேர்த்துச் சிவப்பணுக்களை நாணய அடுக்குபோல் ஒட்டவைத்துக் கீழே தள்ளுகிறார்கள். ஸ்டார்ச்சைத் தவிர்த்தால் விளைச்சல் கணிசமாகக் குறையும். எப்படி எடுத்தாலும் பையில் 20 முதல் 50 மில்லி சிவப்பணு கலந்தே வரும். அதனால் ஏ.பி.ஓ. ரத்த வகைப் பொருத்தமும் கிராஸ்மேட்சும் (இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்க்கும் சோதனை) கட்டாயம். தட்டணுக்களும் நிறையவே சேர்ந்து வரும். தட்டணு குறைந்த நோயாளிக்கு அது கூடுதல் லாபம், அன்றைய தட்டணுப் பை தேவைப்படாமலே போகலாம்.

பஃபி கோட் தொகுப்புப் பை வேறு வழி. வழக்கமான ரத்தக் கொடைகளைச் சிவப்பணு, பிளாஸ்மா என்று பிரிக்கும்போது நடுவில் நிற்கும் வெண்படலத்தைப் பத்துப் பேரிடமிருந்து சேர்த்து ஒரு பையாக்குவது. பிரிட்டனில் இது வழக்கத்தில் உள்ளது. ஒரு பையில் சுமார் 1,000 கோடி, பெரியவருக்கு நாளுக்கு இரண்டு பை. இதில் கொடையாளருக்கு ஊசியோ மாத்திரையோ தேவையில்லை, இயந்திரத்தில் மூன்று மணி நேரம் கட்டிப்போட வேண்டியதில்லை, முந்தைய நாள் ஆள் தேடி அலைய வேண்டாம். இழப்பதும் உண்டு. 60 கிலோ நோயாளிக்கு இரண்டு பை என்றால் கிலோவுக்கு 33 கோடி, இலக்கில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஐந்து நாளில் அவர் 100 பேரின் செல்களைச் சந்தித்திருப்பார். தயாரிப்பிலேயே நேரம் கழிந்துவிடுவதால் வார்டுக்கு வரும்போது மிச்சமிருப்பதும் சொற்ப மணி நேரமே.

ஆகவே எங்கள் பரிந்துரை எடையைப் பொறுத்தது. 15, 20 கிலோவரை உள்ள குழந்தைக்குத் தொகுப்புப் பையோ ஸ்டீராய்டு மட்டும் தந்து எடுத்த பையோ போதும், கொடையாளரை ஜி.சி.எஸ்.எஃப்.-க்கு உட்படுத்த அவசியமில்லை. 40 கிலோவுக்கு மேல் என்றால் ஜி.சி.எஸ்.எஃப். தந்து எடுத்த அஃபெரிசிஸ் பைதான் பொருள் உள்ளது. அது கிடைக்காத இடத்தில் பெரியவருக்கு ஏற்றலைத் தொடங்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

கொடையாளர் வரிசை

ஒரு பைக்கு ஒருவர் வீதம், தினமும் ஒன்று. ஏழு நாளுக்கு ஏழு பேர். ஒருவர் தவறினால் நிற்க இன்னும் இரண்டு பேர். இந்த ஒன்பது பெயரும் கையில் இல்லாமல் முதல் நாளைத் தொடங்கினால் மூன்றாம் நாள் நின்றுவிடும். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இந்தச் சிகிச்சை தடுக்கி விழும் படி இதுவே.

கொடையாளருக்கு இரவு 8 மணிக்கு 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், தோலுக்கடியில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் ஜி.சி.எஸ்.எஃப். மறுநாள் காலை 8 மணிக்கு இயந்திரத்தில் இணைக்குமுன் ஒரு முழு ரத்த எண்ணிக்கை. மருந்து வேலை செய்திருந்தால் வெள்ளணு முப்பதாயிரத்தையொட்டி இருக்கும். எட்டாயிரம் என்று வந்தால் ஊசி தவறியிருக்கிறது என்று பொருள், இயந்திரத்தைத் திறக்காமலே நிறுத்திவிடலாம். 11 மணிக்குச் சேகரிப்பு முடியும். எண்ணிக்கை, கிராஸ்மேட்ச், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து பிற்பகல் 2 மணிக்குப் பை வார்டில் இருக்க வேண்டும்.

சர்க்கரை நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கிளாக்கோமா, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஆகாது. சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்கு ஜி.சி.எஸ்.எஃப். ஆகவே ஆகாது. மற்றவர்களுக்கு எலும்பு வலி, தலைவலி, அன்றிரவு தூக்கமின்மை வரும், பாராசிட்டமாலில் அடங்கும். இயந்திரத்தில் இருக்கும்போது உதடு மரத்தால், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இழுக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துக் கால்சியம் தர வேண்டும். ஸ்டார்ச் உடலிலிருந்து உடனே வெளியேறாது, கால் லேசாக வீங்கலாம். ஆரோக்கியமானவருக்கு, அவருக்கு எந்த நன்மையும் தராத ஹார்மோன் ஊசி போடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அறிமுகமில்லாத கொடையாளர்களுக்கு இந்த ஊசியை அனுமதிக்காத ரத்த வங்கிகளும் உண்டு.

அண்ணன் தம்பி, அப்பா அம்மா என்று வீட்டார் வரிசையில் நிற்பார்கள். நோயாளிக்குப் பின்னால் மாற்று மஜ்ஜை திட்டம் இருந்தால் அவர்களைக் கொடையாளராக எடுக்காமலிருப்பது நல்லது. செல்களின் அடையாளமான அவர்களின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிராக நோயாளியின் உடல் இப்போதே எதிரணுக்களை (ஆன்டிபாடி)த் தயாரித்துவிட்டால், பிறகு அவர்களின் மஜ்ஜையையும் அது நிராகரிக்கக்கூடும்.

தொற்றுப் பரிசோதனைகளில் இன்னொரு சிக்கல். பையின் ஆயுள் 24 மணி நேரம்தான், சில ஊர்களில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் முடிவு வருவதற்குள் அது தீர்ந்துவிடும். அண்மையில் தட்டணு கொடுத்துப் பரிசோதனை முடிந்தவர்களை வரிசையில் வைப்பது இதற்காகத்தான். நோயாளிக்கு சி.எம்.வி. வைரஸ் இதுவரை தொற்றவில்லை என்றால் கொடையாளரும் சி.எம்.வி. இல்லாதவராகவே இருக்க வேண்டும். மற்ற ரத்தப் பொருட்களில் வெள்ளணுவை வடிகட்டி இந்த வைரஸைத் தவிர்க்கிறோம். இங்கே வடிகட்ட வேண்டியதே நாம் தர விரும்பும் பொருள்.

பை வார்டுக்கு வந்த பிறகு

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது கதிர்வீச்சு முத்திரை. குறைந்தது 25 கிரே. பையில் நியூட்ரோஃபிலோடு உயிருள்ள டி லிம்ஃபோசைட்டுகளும் ஏராளம். கதிர் படாமல் ஏறினால் அவை எதிர்ப்பில்லாத உடலில் வேரூன்றி, அந்த உடலையே தாக்கும். இந்த நிலை வந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. நியூட்ரோஃபிலின் வேலையை இந்த அளவு கதிர் கெடுப்பதில்லை.

பையை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், அசைக்காமல் வைக்க வேண்டும். பழக்கத்தில் தட்டணு ஆட்டியில் வைத்துவிடும் ஆள் எந்த ரத்த வங்கியிலும் ஒருவர் இருப்பார். ஆட்டினால் நியூட்ரோஃபில் தூண்டப்பட்டுப் பழுதாகும். கீழே படிந்திருக்கும் செல்களை ஏற்றுமுன் பையை மெதுவாகப் புரட்டிக் கலந்தால் போதும்.

எளிதில் நடக்கக்கூடிய, மன்னிக்க முடியாத தவறு ஃபில்டர். ரத்தப் புற்றுநோய் வார்டில் எல்லாப் பைக்கும் வெள்ளணு வடிகட்டி மாட்டுவது கைப்பழக்கம். இந்தப் பைக்கு அதை மாட்டினால் ஒருவர் மூன்று மணி நேரம் கொடுத்த அத்தனையும் வடிகட்டியில் நின்றுவிடும், நோயாளிக்குப் பிளாஸ்மாவும் கொஞ்சம் சிவப்பணுவும்தான் போகும். 170 முதல் 260 மைக்ரான் சாதாரண ரத்த செட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் ஏற்றலாம். முதல் 15 நிமிடம் மெதுவாக, செவிலியர் பக்கத்திலேயே இருக்க. பாராசிட்டமால், ஆன்டிஹிஸ்டமின் முன்னதாகத் தருவார்கள். குளிர்நடுக்கம், காய்ச்சல் சகஜம்; வேகத்தைக் குறைத்தால் அடங்கும். ஆக்ஸிஜன் அளவு இறங்கினால், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்த வேண்டும். அது நுரையீரல் நாளங்களில் நியூட்ரோஃபில் குவிவதாகவும் இருக்கலாம், எதிரணுக்களால் வரும் கடும் நுரையீரல் காயமாகவும் இருக்கலாம்.

ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஓடும் நோயாளிக்கு நேரப் பட்டியல் தனியாக எழுத வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துத் தந்தபோது உயிர்பறித்த நுரையீரல் விளைவுகள் 1981-இல் பதிவாயின. பிந்தைய அனுபவம் அதை அவ்வளவாக உறுதிப்படுத்தவில்லை என்றாலும், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி விடுவது இன்றும் நடைமுறை. பிற்பகல் 2 முதல் 4 வரை வெள்ளணு, இரவு 10 மணிக்கு ஆம்ஃபோடெரிசின் என்று வைத்தால் இரண்டும் மோதாது.

ஏற்றி ஒரு மணி நேரத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை பார்க்க வேண்டும். 4,000 கோடிக்கு மேல் தந்திருந்தால் எண்ணிக்கை நன்றாகவே ஏறியிருக்க வேண்டும். ஒருமுறை ஏறாவிட்டால் பதற்றம் வேண்டாம், செல்கள் நேராகத் தொற்று உள்ள இடத்துக்குப் போயிருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அசையாமலிருந்தால் எச்.எல்.ஏ. எதிரணுச் சோதனை அனுப்ப வேண்டும். பலமுறை கருவுற்ற பெண்களிடமும் நிறைய ரத்தம் ஏறியவர்களிடமும் இந்த எதிரணுக்கள் முன்பே இருக்கும். அவர்களுக்கு இந்தச் சோதனையைத் தொடங்குமுன்னே செய்துவிடலாம். எதிரணு இருக்கும் நோயாளிக்குப் பொருத்தம் பாராமல் ஏற்றுவதில் பலன் குறைவு, நுரையீரல் ஆபத்து அதிகம், தட்டணுவும் பிறகு ஏறாமல் போகும்.

எண்ணிக்கை இருந்தும் வேலை செய்யாதவர்கள்

சி.ஜி.டி. எனப்படும் நாள்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை சரியாக இருக்கும். விழுங்கிய கிருமியைக் கொல்லும் ஆக்ஸிஜன் வேதிப்பொருட்களை அவற்றால் உருவாக்க முடியாது. இவர்களுக்கு நல்ல நியூட்ரோஃபில் சிறு பங்கு கிடைத்தாலும் உதவி. பக்கத்தில் நிற்கும் பழுதான செல்லும் அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்திக்கொள்ளும். ஏற்றிய செல்கள் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்பதை இந்த வேதிப்பொருட்களை உருவாக்கும் செல்களைக் காட்டும் டி.எச்.ஆர். சோதனையில் தனியே எண்ணிப் பார்க்கவும் முடியும். இண்டர்ஃபெரான் காமா இவர்களுக்கு நீண்டகாலத் தடுப்பு. கல்லீரல் சீழ்க்கட்டி போன்ற அடங்காத தொற்றில் ஏற்றல் ஓர் இடைக்கால ஆயுதம். ஆனால் இவர்களின் எதிர்ப்பு மண்டலத்தில் லிம்ஃபோசைட்டுகள் நலமாக இருப்பதால் எச்.எல்.ஏ. எதிரணு விரைவில் உருவாகும். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையில் சிலருக்கு மெக்லியாட் என்ற அரிய சிவப்பணு வகை சேர்ந்திருக்கும். பையில் கலந்த அந்த 20 மில்லி சிவப்பணுவே போதும், பிறகு அவருக்குப் பொருந்தும் ரத்தம் கிடைப்பது மிக அரிதாகிவிடும். சி.ஜி.டி. நோயாளிக்கு முதல் பைக்கு முன், மெக்லியாட்டைக் காட்டிக்கொடுக்கும் கெல் ரத்த வகைப் பரிசோதனை செய்யாமலிருப்பது பெரும் பிழை.

நியூட்ரோஃபில் கேட்காத தொற்றுகள்

எல்லா எதிர்ப்புக்குறைவும் ஒன்றல்ல. இம்யூனோகுளோபுலின் குறைந்து அடிக்கடி நிமோனியா வருபவருக்கு வேண்டியது மாதமொருமுறை கிலோவுக்கு 0.4 கிராம் இம்யூனோகுளோபுலின். மாற்று மஜ்ஜைக்குப் பின் சி.எம்.வி., அடினோ, ஈ.பி.வி. வைரஸ்கள் மருந்துக்கு அடங்காவிட்டால் வேண்டியவை டி செல்கள். கொடையாளரிடமிருந்து அந்த வைரஸை மட்டும் அடையாளம் காணும் டி செல்களைப் பிரித்து, வளர்த்து, ஏற்றுகிறார்கள். இவையும் வெள்ளணுக்கள்தான், ஆனால் இவற்றுக்குக் கதிர்வீச்சு கூடாது, உயிரோடு பெருகுவதே இவற்றின் வேலை. ஈ.பி.வி.-யால் வரும் லிம்ஃபோமாவுக்கு இந்த வகையில் டாபெலெக்லியூசெல் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. வைரஸ் தொற்றுக்குக் கிரானுலோசைட் பை கேட்பவரை ரத்த வங்கி திருப்பி அனுப்புவது சரியே.

நியூட்ரோஃபில் தேவைப்படும் தொற்றுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பாக்டீரியா, கேண்டிடா, தோலில் பரவும் ஃபியூசேரியம் பூஞ்சை, மலவாயைச் சுற்றிய செல்லுலைட்டிஸ் (தோலடித் திசுத் தொற்று) போன்றவற்றில் ஏற்றிய செல்கள் இடத்தைச் சென்றடையும். நுரையீரலில் ஊன்றிவிட்ட ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக் கட்டியில், நாளமே அடைபட்ட திசுவுக்குள், அவை போய்ச்சேர்வது கடினம். ஏற்கெனவே ஆக்ஸிஜனில் இருக்கும் நுரையீரல் நோயாளிக்கு ஆபத்தையும் பலனையும் தராசில் வைத்தால், நாங்கள் பெரும்பாலும் மருந்தோடு காத்திருக்கும் பக்கமே சாய்வோம்.

நிறுத்துவது

தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு முழு அளவு ஏற்றல்களுக்குப் பிறகும் காய்ச்சல், கல்ச்சர், ஸ்கேன் எதிலும் அசைவில்லை என்றால் நிறுத்தலாம். மூச்சைத் தொட்ட கடும் எதிர்விளைவு ஒன்று வந்தாலும் நிறுத்தலாம். மூன்றாவது, மகிழ்ச்சியான காரணம்: சொந்த மஜ்ஜை எழுந்துவிட்டது. இதைக் கண்டுபிடிப்பதில்தான் குழப்பம் வரும். காலை எண்ணிக்கை 700 என்று வந்தால் அது நேற்று ஏற்றியதன் மிச்சமா, நோயாளியுடையதா? அடுத்த பைக்குச் சற்று முன், அதாவது ஏற்றி 22 மணி நேரம் கழித்து எடுக்கும் மாதிரியையே நம்ப வேண்டும். வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணும் டிஃபரன்ஷியலில் மோனோசைட் என்ற இன்னொரு வகையையும் பாருங்கள். பெரும்பாலும் நியூட்ரோஃபிலுக்கு ஓரிரு நாள் முன்பே மோனோசைட் தலைகாட்டும். அது தெரிந்ததும் ஒரு நாள் பையை நிறுத்திப் பாருங்கள். மறுநாளும் எண்ணிக்கை 500-க்குக் குறையாமல் நின்றால் வரிசையில் மிச்சமிருக்கும் கொடையாளர்களுக்கு அன்றைய மாலை ஊசி வேண்டாம் என்று மதியத்துக்குள் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.